முழு மிதியில் குளிர்ச்சி, அரை மிதியில் கொதிப்பு: ஒரு வைப்பர் மோட்டார் சர்க்யூட்டின் நிகழ்வு ஆய்வு

கோவையில் பம்ப் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ரீவைண்டிங் பட்டறை ஒன்று. அங்கே வேலை பார்க்கும் தம்பி, கையால் சுற்றிக்கொண்டிருந்த காயில் மெஷினுக்குப் பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு கால் மிதி, அதற்குள் மிதிக்கேற்ப மாறும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பொட்டன்ஷியோமீட்டர்). அதைப் படித்து மோட்டாரின் வேகத்தை மாற்ற ஆர்டுயினோ உனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. சப்ளைக்கு 12 வோல்ட் கார் பேட்டரி. காயில் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்பதால் இரு திசையிலும் ஓட்டும் ஹெச்-பிரிட்ஜ் சர்க்யூட் தேவையில்லை. மோட்டாரின் ஒரு முனை பேட்டரி பிளஸுக்குப் போகும், மறுமுனையைக் கீழே ஒரே ஒரு டிரான்சிஸ்டர் தரையோடு (பேட்டரி மைனஸ்) இணைத்துத் துண்டிக்கும். இதைவிட எளிய மோட்டார் கன்ட்ரோல் கிடையாது. ஆனாலும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

என்னிடம் வந்தபோது அவர் போர்டை மூன்று முறை மாற்றிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் சூடு வந்தது, ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. இதை எழுதக் காரணமும் அதுதான். "டிரான்சிஸ்டர் சூடாகுது" என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது "பெரிய ஹீட் சிங்க் போடு". எவ்வளவு சூடு என்பதைவிட எப்போது சூடு என்று கேட்டால் கோளாறு சீக்கிரம் பிடிபடும். அவர் வந்ததும் சொன்ன ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது: "அண்ணா, ஃபுல்லா மிதிச்சா ஒண்ணும் ஆகறதில்லீங்க. பாதி மிதிச்சாத்தான் தொட முடியல."

அதற்கு வரும் முன் பழைய இரண்டு கட்டங்களையும் பார்த்துவிடலாம். பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

டார்லிங்டன் காலம்

முதலில் போட்டது டிப்122. 5 ஆம்பியர், 100 வோல்ட் டார்லிங்டன். எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆர்டுயினோவின் வெளியீட்டுக் காலிலிருந்து (பின்) 1 கிலோ ஓம் வழியாகவே ஓடிவிடும். மோட்டார் லோடில் 4 ஆம்பியர் இழுக்கிறது, டிரான்சிஸ்டரோ 5 தாங்கும். பிறகு ஏன் கொதிக்க வேண்டும்?

டார்லிங்டனுக்குள் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அடுக்காக இருப்பதால் முழுதாக ஆன் ஆனாலும் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே கணிசமான வோல்டேஜ் நிற்கும். டிப்122-இன் டேட்டாஷீட்டில் 3 ஆம்பியரில் அதிகபட்சம் 2 வோல்ட், 5 ஆம்பியரில் 4 வோல்ட் என்று போட்டிருக்கும். இவருடைய போர்டில் முழு மிதியில் அளந்தால் 2.1 வோல்ட். நாலு ஆம்பியரோடு பெருக்கினால் 8.4 வாட். ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறைக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 62 டிகிரி ஏறும். கணக்குப்படி 500 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதற்கு வெகு முன்பே ஆள் காலி. டேட்டாஷீட்டிலேயே ஹீட் சிங்க் இல்லாவிட்டால் 2 வாட்தான் என்று தெளிவாக இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 5 ஆம்பியரைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

சூட்டைப் பங்குபோட இன்னொரு டிப்122-ஐப் பக்கத்தில் இணையாகக் கட்டினார். ஒன்று கொதித்தது, மற்றது வெதுவெதுப்பாக இருந்தது. பைபோலார் டிரான்சிஸ்டர் சூடேறினால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் இறங்கும். அதனால் அது இன்னும் அதிகக் கரன்ட்டை எடுத்துக்கொள்ளும், இன்னும் சூடாகும். பக்கத்தில் இருப்பது சும்மா வேடிக்கை பார்க்கும். ஒவ்வொரு எமிட்டரிலும் 0.1 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் போட்டால் பங்கு ஓரளவு சமமாகும், ஆனால் மொத்தச் சூடு குறையாது. எல்298 மோட்டார் டிரைவர் மாட்யூலை வாங்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். அதற்குள்ளும் பைபோலார்தான், 2 ஆம்பியரில் கிட்டத்தட்ட 5 வோல்ட் வரை அதுவே விழுங்கலாம். வைப்பர் மோட்டாருக்கு அது ஆகாது.

மாஸ்ஃபெட் வந்த பிறகும்

அடுத்தது ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட். கேட் என்ற காலுக்கு வோல்டேஜ் கொடுத்தால் டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரண்டு கால்களுக்கும் இடையே கரன்ட் ஓடும். 55 வோல்ட், 49 ஆம்பியர், ஆன் ரெசிஸ்டன்ஸ் 17.5 மில்லி ஓம். நாலு ஆம்பியருக்கு 70 மில்லிவோல்ட்தான் விழ வேண்டும், அதாவது 0.28 வாட். ஹீட் சிங்க்கே வேண்டாம். ஆனால் போர்டில் அளந்தபோது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே 0.9 வோல்ட்.

அந்த 17.5 மில்லி ஓம், கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது. ஆர்டுயினோ கொடுப்பது 5. அதிலும் கேட்டுக்கு முன் 1 கிலோ ஓமும், அதைத் தாண்டி கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓமும் இருந்ததால் இரண்டும் சேர்ந்து வோல்டேஜைப் பங்குபோட்டு 4.5 ஆக்கிவிட்டன. மோட்டார் கரன்ட் போகும் மெல்லிய தரை வயரிலேயே ஆர்டுயினோவின் தரையும் இணைந்திருந்தது, அதில் ஒரு 0.1 வோல்ட் போயிற்று. கடைசியில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே நின்றது 4.4.

"திரெஷோல்டு 2-லிருந்து 4 வோல்ட்னுதானே போட்டிருக்கு, 4.4 போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் திரெஷோல்டு அளக்கப்படுவது 250 மைக்ரோ ஆம்பியரில். அதாவது மாஸ்ஃபெட் கண் விழிக்கும் வோல்டேஜ் அது, எழுந்து வேலைக்குப் போகும் வோல்டேஜ் அல்ல. சில ஐஆர்எஃப்இசட்44என்கள் 5 வோல்ட்டிலேயே நாலைந்து ஆம்பியரைச் சுலபமாகக் கடத்திவிடும், அதனால்தான் "என்னுது நல்லா ஓடுதே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். திரெஷோல்டு மேல் எல்லையை ஒட்டிய பீஸ் கையில் வந்தால் ஓடாது. அதிர்ஷ்டத்தை நம்பி போர்டு கட்ட முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போது 3.6 வாட் என்பதுகூடப் பெரிதில்லை, ஸ்டார்ட் ஆகும் நொடிதான் கொன்றது. அந்த மோட்டாரின் சுருள் ரெசிஸ்டன்ஸ் 0.7 ஓம். நிற்கும் மோட்டாருக்கு 12 வோல்ட் கொடுத்தால் 17 ஆம்பியர் வரை கேட்கும். கேட்டுக்கு 4.4 மட்டும் கிடைத்த மாஸ்ஃபெட் அவ்வளவு விடாது. ஏழெட்டு ஆம்பியரில் அணைபோட்டு மீதி வோல்டேஜைத் தன் மேல் ஏற்றிக்கொள்ளும். 8 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் மோட்டாரில் 5.6 வோல்ட், மாஸ்ஃபெட்டில் 6.4 வோல்ட். ஐம்பது வாட்டுக்கு மேல். நல்ல லோடுள்ள பெரிய காயில் போட்டு மெதுவாக மிதித்து எடுத்தால் இது சில வினாடி நீடிக்கும். பாதி கிளட்ச் பிடித்தே மேட்டில் வண்டியை ஏற்றினால் கிளட்ச் பிளேட் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்.

இதற்கு லாஜிக் லெவல் மாஸ்ஃபெட் போட்டிருந்தாலே போதும். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட் கேட்டில் 25 மில்லி ஓம்தான். அவர் கேட்ட கடையில் அது இல்லை, கையில் இருந்ததை வைத்தே வழி தேடினார். பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்) வழியாகக் கேட்டை 12 வோல்ட்டுக்கு இழுத்தார். ஆர்டுயினோ பின் மேலே போனால் பிசி547 ஆன், கேட் கீழே. தலைகீழ் லாஜிக், அதை நிரலில் 255-லிருந்து கழித்துச் சரிசெய்தார். இப்போது முழு மிதியில் 75 மில்லிவோல்ட். சூடே இல்லை. அன்றைக்கு இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருக்கிறார்.

பாதி மிதி

வேகத்தைக் குறைக்க மோட்டாரை விடாமல் ஆன்-ஆஃப் செய்துகொண்டே இருப்பதுதான் பிடபிள்யூஎம். உனோவின் 9-ஆம் பின்னில் அது இயல்பாக 490 ஹெர்ட்ஸில் வரும். மோட்டார் அந்தச் சுருதியில் நாள் முழுக்க ரீங்காரம் போட்டது. பட்டறையில் மற்றவர்கள் திட்டவே, டைமர் 1-இன் பிரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 1 ஆக்கி 31 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏற்றினார். சத்தம் அடியோடு நின்றது. கூடவே இரண்டு விஷயங்கள் நடந்தன. பாதி மிதி வரை மோட்டார் சரியாக எழுவதே இல்லை, முக்கால் மிதிக்கு அருகில்தான் திடீரென்று வேகம் பிடித்தது. அந்த இடைப்பட்ட நிலையில் மாஸ்ஃபெட் கையைச் சுட்டது.

முழு ஆனில் ஆறியும் இடையில் சூடாகியும் இருந்தால் ஆன் ரெசிஸ்டன்ஸைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆன்-ஆஃப் மாறும் தருணங்களில்தான் கோளாறு. அது கேட் பக்கமா, மோட்டாருக்குக் குறுக்கே இருக்கும் டயோடு பக்கமா? இதைப் பிரிக்க நான் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டுவேன். ஹெச்4 பல்பின் 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் எடுக்கும், இந்த மோட்டாரின் லோடுக்குச் சமம். ஆனால் பல்பில் இண்டக்டன்ஸ் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் இல்லை, ஆகவே ஆஃப் ஆகும்போது மோட்டார் கரன்ட்டைச் சுற்றவிடும் அந்த ஃபிரீவீலிங் டயோடுக்கு அங்கே வேலையே கிடையாது. பல்போடு சூடு வந்தால் குற்றவாளி கேட் பக்கம். பல்போடு ஆறி, மோட்டாரோடு மட்டும் சூடானால் டயோடு பக்கம்.

பல்போடும் கொதித்தது. ஆசிலோஸ்கோப்பின் புரோபைக் கேட்டில் வைத்தால் சதுர அலை இருக்க வேண்டிய இடத்தில் சாய்வான மேடு. கீழே விழும்போது செங்குத்து, ஏறும்போது ஆமை வேகம். ஐந்து வோல்ட் பக்கம் வந்ததும் ஏற்றம் நின்று தட்டையாகப் போய், மேலே ஏறுவதற்குள் அடுத்த சுற்று வந்து மறுபடி கீழே தள்ளிவிடும்.

மாஸ்ஃபெட்டின் கேட் ஒரு கபாசிட்டர் மாதிரி, நிரப்பினால்தான் ஆன். ஐஆர்எஃப்இசட்44என்-இன் கேட்டுக்கு மொத்தம் அதிகபட்சம் 63 நானோ கூலும் சார்ஜ் வேண்டும். அதில் டிரெயின் வோல்டேஜ் கீழே இறங்கும் அந்தத் தட்டையான பகுதிக்கு மட்டும் 23. கேட் 5 வோல்ட்டில் நிற்கும்போது 10 கிலோ ஓம் புல்-அப் வழியாக வருவது (12-5)/10,000, அதாவது 0.7 மில்லி ஆம்பியர். 23 நானோ கூலும் நிரப்ப 33 மைக்ரோ வினாடி ஆகும். 31 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 32 மைக்ரோ வினாடிதான்! தட்டைப் பகுதிக்கு வந்து சேரவே இன்னொரு 15 மைக்ரோ வினாடி தனியாக வேண்டும். ஆக, மாஸ்ஃபெட் ஒரு சுற்றிலும் முழுதாக ஆன் ஆகவே இல்லை. பாதி மிதி வரை மோட்டார் எழாமல் இருந்ததற்கும் இதே காரணம். 490 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 2,040 மைக்ரோ வினாடி என்பதால் இந்தத் தாமதம் அப்போது தெரியவில்லை.

புல்-அப்பை 1 கிலோ ஓம் ஆக்கலாமே என்று தோன்றும். பத்து மடங்கு வேகம் கூடும், ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் 3 மைக்ரோ வினாடிக்கு மேல் வீண். 31 கிலோ ஹெர்ட்ஸில் அது சுமார் 2.5 வாட். கேட் டிரைவர் ஐசிதான் சரியான வழி. டிசி4427 போட்டோம். 1.5 ஆம்பியர் வரை தள்ளவும் இழுக்கவும் செய்யும், ஆர்டுயினோவின் 5 வோல்ட் சிக்னலை நேரடியாக ஏற்கும், 18 வோல்ட் வரை சப்ளை தாங்கும். கேட்டுக்குத் தொடராக 22 ஓம், ஐசியின் கால்களை ஒட்டியே 1 மைக்ரோ ஃபாரட் செராமிக், பேட்டரி லைனிலிருந்து அதற்கு வரும் வழியில் 10 ஓமும் 47 மைக்ரோ ஃபாரடும். 33 மைக்ரோ வினாடி எடுத்த வேலை இப்போது 0.1 மைக்ரோ வினாடியில் முடிகிறது. பல்போடு பாதி மிதியில் ஓடவிட்டால் உலோக முதுகு லேசான வெதுவெதுப்புதான்.

டிசி4427 லாஜிக்கைத் தலைகீழாக்காது. அதில் எனக்குச் சூட்டைவிட முக்கியமாகப் பட்ட ஒரு நன்மை இருக்கிறது. பழைய போர்டில் ஆர்டுயினோவுக்குக் கரன்ட் வந்து நிரல் தொடங்கும்வரை பின் மிதந்துகொண்டிருக்கும். பிசி547 ஆஃப், கேட் 12 வோல்ட், மோட்டார் முழு வேகம். ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதேதான், பூட்லோடர் (நிரலுக்கு முன் ஓடும் குட்டி நிரல்) முடியும்வரை ஓடும். காப்பர் வயரை விரலில் பிடித்து வழிகாட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு அந்த ஒரு வினாடி போதும். "ஆமாங்ணா, ஆன் பண்ணுனா ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் நிக்கும்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். இப்போது டிரைவரின் இன்புட்டில் தரைக்கு 10 கிலோ ஓம் இருக்கிறது. பின் மிதந்தால் மோட்டார் ஆஃப். பேட்டரியை மாட்டும் ஒவ்வொரு முறையும் இதை முதலில் சோதிக்கச் சொன்னேன்.

டயோடு

மோட்டாரை மறுபடி மாட்டினோம். பாதி மிதியில் மாஸ்ஃபெட் முதுகில் 80 டிகிரி. முன்பைவிடத் தேவலை, ஆனால் பல்போடு ஆறியே இருந்தது. ஆக இரண்டாவது குற்றவாளி இருக்கிறான். போர்டைத் திருப்பிப் பார்த்தால் டயோடு இருந்த இடத்தில் பழுப்பு நிறம் படிந்திருந்தது, அதன் இரண்டு கால்களிலும் சால்டர் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. அந்த டயோடு 1என்4007.

ரிலே காயிலுக்குக் குறுக்கே அதைப் போட்டுப் பழகியதால் கை தானாக அதையே எடுக்கும். ரிலே எப்போதாவது ஒருமுறை ஆஃப் ஆகும். இங்கே மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும் ஒவ்வொரு முறையும் மோட்டாரின் கரன்ட் முழுவதும் டயோடு வழியாகத்தான் சுற்றும். மாஸ்ஃபெட் பாதி நேரம் ஆஃப் என்றால் டயோடில் 4 ஆம்பியர் பாதி நேரம், சராசரி 2 ஆம்பியர். 1என்4007-க்கு ரேட்டிங் 1 ஆம்பியர். அதைவிட மோசம் அதன் மந்தம். 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையராகப் பிறந்தது அது. கடத்திக்கொண்டிருக்கும்போது திடீரென்று எதிர்த்திசை வோல்டேஜ் வந்தால் மூடிக்கொள்ள ஓரிரு மைக்ரோ வினாடி எடுக்கும். அந்த இடைவெளியில் மாஸ்ஃபெட் ஆன் ஆகிவிட்டிருக்கும். பேட்டரி பிளஸ், மூடாத டயோடு, மாஸ்ஃபெட், தரை என்று ஒரு குட்டி ஷார்ட் சர்க்யூட், வினாடிக்கு 31 ஆயிரம் முறை. டயோடின் மந்தத்துக்கு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து சூடேறுகிறது. மாஸ்ஃபெட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் பக்கத்திலிருந்து கழற்றிய 45 வோல்ட் இரட்டை ஷாட்கி டயோடு ஒன்று அவரிடமே இருந்தது. அதைப் போட்டோம். புதிதாக வாங்குவதென்றால் எம்பிஆர்1045 போதும். ஷாட்கியில் அந்த மூடும் தாமதம் இல்லை, அதன் மேல் விழும் வோல்டேஜும் குறைவு.

ஸ்கோப் கையில் இருந்ததால் டிரெயினையும் பார்த்தோம். மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும்போது 48 வோல்ட் வரை ஒரு கூர்முனை. தாங்கும் எல்லையான 55-க்குப் பக்கம், ஷாட்கியின் 45-க்கு இது நல்லதில்லை. ஒன்றரை மீட்டர் பேட்டரி வயரின் இண்டக்டன்ஸ்தான் காரணம். டயோடுக்கும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் நெருக்கமாக 2,200 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் லோ-ஈஎஸ்ஆர் கபாசிட்டர் போட்டதும் கூர்முனை 20 வோல்ட்டுக்குள் அடங்கியது. ஆர்டுயினோவின் தரையை மோட்டார் தரையிலிருந்து பிரித்து, சோர்ஸ் காலருகே ஒரே புள்ளியில் சேர்த்தோம்.

ஹீட் சிங்க்கைப் பற்றிப் பேச அதிகமில்லை. இப்போது மாஸ்ஃபெட்டில் மொத்தம் அரை வாட் சொச்சம். சின்ன அலுமினிய யூ கிளிப் ஒன்று. ஒரு எச்சரிக்கை மட்டும்: டிஓ-220-இன் முதுகு டிரெயினோடு இணைந்தது. பேட்டரி மைனஸ் மெஷின் ஃபிரேமில் தொட்டிருக்கும் நிலையில் முதுகை நேராக ஃபிரேமில் முறுக்கினால் மிதியைத் தொடாமலே மோட்டார் முழு வேகத்தில் ஓடும். மைக்கா ஷீட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாமல் அங்கே மாட்டக் கூடாது.

ஒரு மணி நேரம் பாதி மிதியில், காயில் லோடோடு ஓடவிட்டு, தெர்மோகப்பிளை முதுகில் ஒட்டி அளந்தோம். பட்டறைக்குள் 33 டிகிரி, மாஸ்ஃபெட்டில் 45. விரல் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: கை தாங்கும் எல்லை ஏறக்குறைய 55 டிகிரி, மாஸ்ஃபெட்டின் ஜங்ஷன் 175 வரை தாங்கும். கை சுட்டாலே கோளாறு என்று அர்த்தமில்லை. ஆனால் கணக்குப்படி அரை வாட் வர வேண்டிய இடத்தில் கை சுட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது.

பார்ட் போலியோ என்ற சந்தேகத்துக்கும் அதே ஹெட்லைட் பல்ப் உதவும். கேட்டுக்கு நேராக 10 வோல்ட் கொடுத்து, பல்ப் எரியும்போது டிரெயின்-சோர்ஸ் இடையே மில்லிவோல்ட்டில் அளக்க வேண்டும். நாலரை ஆம்பியரில் 80-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் நல்ல ஐஆர்எஃப்இசட்44என். 200, 300 என்று காட்டினால் உள்ளே வேறு ஏதோ சின்னச் சில்லு இருக்கிறது. பிடபிள்யூஎம் ஓடும்போது மலிவு மல்டிமீட்டரை நம்பி இந்த அளவை எடுக்காதீர்கள், அது காட்டுவது ஏதோ ஒரு சராசரி.

மீதி இருந்தது ஸ்டால். வயர் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் 17 ஆம்பியர் ஓடும். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் அதற்கு உடனே போகாது. சோர்ஸுக்கும் தரைக்கும் நடுவே கரன்ட்டை அளக்க 10 மில்லி ஓம் ரெசிஸ்டர் (ஷண்ட்) ஒன்றை வைத்து, ஆர்டுயினோவின் தரையை ஷண்ட்டின் தரைப் பக்கத்துக்கு மாற்றி, உனோவின் உள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸில் அதைப் படிக்கச் சொன்னேன். 12 ஆம்பியருக்கு 0.12 வோல்ட், ஏடிசியில் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 112-ஐ ஒட்டி வரும். அந்த அளவு அரை வினாடிக்கு மேல் நீடித்தால் மோட்டார் ஆஃப். மிதியிலிருந்து காலை முழுதாக எடுத்து மறுபடி வைத்தால்தான் ஓடும்.